ஒளி மூலக்கூறை உடைப்பதைப் பார்க்க எந்த லேசர் முறை? நான்கு வழிகளும் அவற்றின் பாடுகளும்

"ஃபெம்டோ லேசர் இருக்கிற லேபில் சேரவா, இல்லை நானோ நொடி லேசரை வைத்து இமேஜிங் செய்கிற லேபிலா?" எம்.எஸ்சி. முடித்து ஆய்வுக்குப் போகிறவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இதுதான். (நானோ நொடி என்பது நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கு; பிக்கோ அதில் ஆயிரத்தில் ஒன்று, ஃபெம்டோ அதிலும் ஆயிரத்தில் ஒன்று.) கேட்கிற தொனியிலேயே பாதிப் பதில் இருக்கும். ஃபெம்டோதானே பெரிசு, நோபல் பரிசே வாங்கியதாயிற்றே? 1999-இல் வேதியியலாளர் அகமது ஸெவைலுக்குக் கிடைத்தது உண்மைதான். ஆனால் ஒளி பட்டு மூலக்கூறு உடைவதை, அதாவது ஒளிச்சிதைவை, ஆராய்கிற வழிகளில் அது ஒன்று மட்டுமே. ஐந்து வருடம் இருட்டறையில் உட்காரப் போகிறவர் மற்ற மூன்றையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு முடிவு செய்வது நல்லது.

## உடையும்போது என்ன கணக்கு நடக்கிறது

மெத்தில் அயோடைடை எடுத்துக்கொள்வோம். இந்தத் துறைக்கு அரிச்சுவடி அதுதான். 266 நானோமீட்டர் லேசரின் ஒரு ஃபோட்டானில் 4.66 எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றல் இருக்கிறது. கார்பனுக்கும் அயோடினுக்கும் இடையிலான பிணைப்பை அறுக்கச் சுமார் 2.4 போதும். மிச்சம் 2.2 சொச்சம் எங்கே போகிறது?

அயோடின் அணு சாதாரண நிலையில் பிரியலாம், அல்லது 0.94 எலெக்ட்ரான் வோல்ட்டைத் தானே விழுங்கிக்கொண்டு கிளர்ந்த நிலையிலும் பிரியலாம். இரண்டாவது வகையில் இயக்கத்துக்கு எஞ்சுவது ஏறத்தாழ 1.3. அதிலும் சம பங்கு கிடையாது. மெத்தில் துண்டின் எடை 15, அயோடினுடையது 127. எடை குறைந்தவனே ஓடுவான் என்பதால் 89 சதவீதம் மெத்திலுக்குப் போய்விடும். அது நொடிக்கு 4 கிலோமீட்டருக்குச் சற்றே குறைவான வேகத்தில் பறக்கும்.

ஆக, அளக்க வேண்டியவை இவை: துண்டுகள் எவை, எந்த நிலையில் இருக்கின்றன, எவ்வளவு வேகம், எந்தத் திசை, உடைய எவ்வளவு நேரம் ஆனது. இவை ஐந்தையும் ஒரே கருவி கொடுத்துவிடாது. தேர்வு என்ற பேச்சே அதனால்தான் வருகிறது.

## எந்த அளவுகோலால் அளப்பது

நான் பார்ப்பது நான்கு.

முதலாவது, உங்கள் கேள்வி "எப்போது" என்பதா, "எப்படிப் பங்கு பிரிந்தது" என்பதா?

இரண்டாவது, உங்கள் துண்டு உங்கள் கருவிக்குத் தெரியுமா? எல்லா மூலக்கூறும் ஒளிராது. எல்லாவற்றையும் லேசரால் சுலபமாக அயனியாக்கவும் முடியாது. புதியவர்கள் சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான்.

மூன்றாவது, அந்த மூலக்கூறு சட்டென்று உடைவதா, நிதானமாக உடைவதா? அயோடின் சயனைடு 200 ஃபெம்டோ நொடிக்குள் உடைந்துவிடும். ஃபார்மால்டிஹைடோ, ஆற்றல் உடையும் எல்லையின் பக்கத்தில் இருக்கும்போது, நானோ நொடிக் கணக்கில் யோசித்துவிட்டுத்தான் உடையும்.

நான்காவது, அன்றாடப் பாடு. அந்த லேபில் ஒரு நாளில் எத்தனை மணி நேரம் அளவீடு, எத்தனை மணி நேரம் ரிப்பேர்?

இவற்றுக்கு மேலே பேரமே பேச முடியாத ஒரு விதி உண்டு. ஒளித்துடிப்பு எவ்வளவு குறுகுகிறதோ, அதன் நிறம் அவ்வளவு அகலும். 100 ஃபெம்டோ நொடித் துடிப்பு என்றால், அலையெண் (ஒரு சென்டிமீட்டருக்குள் அடங்கும் அலைகளின் எண்ணிக்கை) கணக்கில், குறைந்தது 150 செ.மீ.⁻¹ அகலம். மூலக்கூறின் சுழற்சி நிலைகளுக்கு இடைவெளியோ பெரும்பாலும் சில செ.மீ.⁻¹ தான். நேரம் துல்லியமாக வேண்டும் என்றால் நிலை கலங்கும்; நிலை துல்லியமாக வேண்டும் என்றால் நேரம் கலங்கும். எவ்வளவு பணம் கொட்டினாலும் இதை மாற்ற முடியாது.

| முறை | நேரம் | நிலை, ஆற்றல் | வேகமும் திசையும் | எதெல்லாம் தெரியும் |
|---|---|---|---|---|
| லேசர் தூண்டு ஒளிர்வு | நானோ நொடி | மிகத் துல்லியம் | டாப்ளர் (வேகத்தால் நிறம் நகர்வது) வழியாக ஓரளவு | ஒளிரும் சில துண்டுகள் |
| வேகப் படமெடுப்பு | பெரும்பாலும் நானோ நொடி | நல்லது | மிக நல்லது | லேசரால் அயனியாகும் துண்டுகள் |
| பறப்பு நேர முறை | கிடையாது | சுமார் | நல்லது | ஏறக்குறைய எல்லாம் |
| ஃபெம்டோ பம்ப்-புரோப் | மிகத் துல்லியம் | கலங்கல் | படமெடுப்பையும் சேர்த்துக்கொண்டால் கிடைக்கும் | அமைப்பைப் பொறுத்து |

## லேசர் தூண்டு ஒளிர்வு

நான்கிலும் சிக்கனமானது. ஒரு கண்ணாடி அல்லது உலோகக் கலம்; அதற்குள் 0.1 டாரை விடக் குறைவான அழுத்தத்தில் மெதுவாக ஓடும் வாயு. ஒரு லேசர் உடைக்கும். 50 முதல் 100 நானோ நொடி கழித்து இன்னொரு லேசர் வந்து துண்டைத் தூண்டும். துண்டு ஒளிர்வதைப் போட்டோமல்டிப்ளையர் என்ற ஒளி உணரி எண்ணும். அந்த அழுத்தத்தில் இரண்டு மோதலுக்கு நடுவே ஒரு மைக்ரோ நொடியாவது இருக்கும் என்பதால், துண்டு பிறந்த மேனியாகவே அகப்படுகிறது.

ஹைட்ராக்சில் இதற்கென்றே படைக்கப்பட்டது போன்ற துண்டு. 282 நானோமீட்டரில் தூண்டினால் 308-ஐ ஒட்டி ஒளிரும். தூண்டிய நிறமும் ஒளிர்ந்த நிறமும் வேறு வேறு என்பதால், ஒரு ஃபில்டரைப் போட்டுச் சிதறல் ஒளியைத் தள்ளிவிடலாம். சயனோஜன் துண்டு 388-இல், நைட்ரிக் ஆக்சைடு 226-இல். ஒவ்வொரு சுழற்சி நிலையிலும் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று தலையெண்ணிச் சொல்லிவிடும் முறை இது.

குறை என்ன? மெத்தில் துண்டு தெரியாது. அது ஒளிர்வதற்கு முன்பே மேலும் உடைந்துவிடும். கார்பன் டை ஆக்சைடு தெரியாது. கரிம வேதியியலில் வருகிற பெரிய துண்டுகளில் பெரும்பாலானவை தெரியாது.

மறைந்த செலவு, சாயக் கரைசலால் இயங்கும் டை லேசரில் இருக்கிறது. அலைநீளத்தை மாற்ற வேண்டுமா, சாயத்தை மாற்ற வேண்டும். ரோடமைன் சாயம் கைக்கு மருதாணி வைத்தது போல ஒட்டிக்கொள்ளும். சட்டையில் பட்டால் சட்டையை மறந்துவிடலாம். எக்சைமர் லேசர் என்றால் ஃபுளோரின் கலந்த வாயு சிலிண்டர், அதற்கான கசிவு எச்சரிக்கை, தீர்ந்தால் மறு ஆர்டருக்குக் காத்திருப்பு என்று வரிசையாக வரும். அப்படியும், ஒரே ஆள் ஒரே லேபில் உட்கார்ந்து முழு வேலையையும் முடிக்கக்கூடிய முறை இதுதான். வளிமண்டல வேதியியல் பக்கம் மனசு இருப்பவர்கள் இதை "பழசு" என்று ஒதுக்க வேண்டாம்.

## வேகப் படமெடுப்பு

1987-இல் டேவிட் சாண்ட்லரும் பால் ஹூஸ்டனும் செய்து காட்டிய யோசனை. எடுத்துக்கொண்ட மூலக்கூறு அதே மெத்தில் அயோடைடு, அதே 266 நானோமீட்டர். உடைந்த துண்டுகளை இன்னொரு லேசரால் அயனியாக்கி, மின்புலத்தால் தள்ளி, ஒரு திரையில் விழச் செய்து கேமராவில் பிடித்தார்கள். வேகமான துண்டு மையத்திலிருந்து தள்ளி விழும், மெதுவானது கிட்டே விழும். அவர்கள் மின்புலத்துக்குக் கம்பி வலையைப் பயன்படுத்தினார்கள், படம் மங்கியது. 1997-இல் நெதர்லாந்தின் நெய்மேகனில் எப்பிங்க், பார்க்கர் இருவரும் வலையை எடுத்துவிட்டு நடுவே ஓட்டை போட்ட தகடுகளை வைத்தார்கள். அது லென்ஸ் போல வேலை செய்தது. துண்டு எந்த இடத்தில் பிறந்தாலும் சரி, வேகம் ஒன்று என்றால் விழும் புள்ளியும் ஒன்று. மங்கலாக இருந்த படம் சட்டென்று மெல்லிய வளையங்களாகத் தெளிந்தது. இந்த ஒரு மாற்றத்துக்குப் பிறகுதான் உலகம் முழுக்க லேபுகள் இந்த முறைக்குத் தாவின.

மெத்தில் துண்டைப் படமெடுத்தால் இரண்டு வளையம் தெரியும். வெளி வளையம் சாதாரண அயோடினுடன் பிறந்தது, உள் வளையம் கிளர்ந்த அயோடினுடன் பிறந்தது. அயோடினைப் பார்க்கவே இல்லை. ஆனாலும் அதன் நிலை தெரிந்துவிட்டது. கணக்கில் ஒரு பக்கத்தைப் பார்த்தே மறுபக்கத்தை எழுதுகிற வித்தை இது.

வளையம் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி வெளிச்சமாக இருக்காது. லேசரின் முனைவாக்கத் திசையில் (ஒளியின் மின்புலம் அதிரும் திசையில்), மேலும் கீழும், பளிச்சென்றும் பக்கவாட்டில் இருட்டாகவும் இருக்கும். மூலக்கூறு ஒரு சுற்று சுழலப் பிக்கோ நொடிகள் ஆகும். அதற்குள் உடைந்தால் திசை நினைவிருக்கும். உடையத் தாமதமானால் சுழன்று சுழன்று திசை மறந்துபோய் வளையம் சமமாகிவிடும். ஃபெம்டோ லேசர் இல்லாமலே நேரத்தைப் பற்றி ஒரு துப்பு கிடைத்துவிடுகிறது. எனக்கு இந்த முறையில் ரொம்பப் பிடித்த இடம் இது.

பாடு என்று பார்த்தால், வெற்றிடம்தான் முதலில். டர்போ பம்புகள், அவற்றுக்குக் குளிர்நீர், மின்சாரம் போனால் தானாக மூடும் வால்வுகள். அப்புறம், துண்டை அயனியாக்க அதன் நிறமாலை தெரிந்திருக்க வேண்டும். மெத்திலுக்கு 333.5 நானோமீட்டர், அயோடினுக்கு 304-ஐ ஒட்டி என்று சிலவற்றுக்கு வழி தெளிவாக உண்டு. யாரும் தொடாத துண்டு என்றால், அந்த நிறமாலையைத் தேடுவதே ஒரு ஆய்வேடு.

இன்னொரு பொறி இருக்கிறது. அதில் நானே விழுந்தவன். இரண்டாவது லேசரின் ஒளி தானாகவே மூலக்கூறை உடைத்து, உடைந்ததைத் தானே அயனியாக்கிவிடும். படம் வரும், வளையம் வரும், அழகாகவும் இருக்கும். மூன்று வாரம் சேர்த்த படங்களை வைத்துக்கொண்டு மகிழ்ச்சியாக இருந்தேன். ஒரு நாள், முதல் லேசரின் பாதையில் ஒரு விசிட்டிங் கார்டு தவறி விழுந்து நின்றுவிட்டது. புற ஊதா ஒளி பட்டால் அந்த வெள்ளை அட்டை நீலமாக ஒளிரும், கண்ணுக்குத் தெரியாத கதிரைத் தேட எல்லா லேபிலும் அதைத்தான் வைத்திருப்போம். அட்டை நீலமாக ஒளிர்ந்துகொண்டு பாதையை முழுசாக மறைத்திருக்கிறது; திரையில் வளையம் அப்படியே இருக்கிறது! மூன்று வாரமும் நான் அளந்தது இரண்டாவது லேசரின் தனி ஆவர்த்தனம். அன்றிலிருந்து ஒவ்வொரு படத்துக்கும் முதல் லேசர் மட்டும், இரண்டாவது மட்டும், இரண்டும் சேர்ந்து என்று மூன்று தடவை எடுக்கிறேன். நேரம் மூன்று மடங்கு ஆகும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

## பறப்பு நேர முறை

1960-களின் கடைசியில் கலிஃபோர்னியாவில் கென்ட் வில்சன் குழு தொடங்கியது. இதில் உடைப்பதற்கு மட்டும்தான் லேசர். துண்டுகள் தெரிந்த தூரம் பறந்து போய் ஒரு நிறை நிறமாலைமானியில் விழுகின்றன. வந்து சேர்ந்த நேரத்திலிருந்து வேகம் கிடைக்கும். எலெக்ட்ரான்களால் அடித்து அயனியாக்குவதால் எந்தத் துண்டாக இருந்தாலும் தெரியும். நிறமாலை தெரிய வேண்டிய அவசியமே இல்லை. பெரிய கரிம மூலக்கூறு நான்கைந்து வழியில் உடைகிறது, எந்த வழி எத்தனை சதவீதம் என்று கேட்டால், நேர்மையான பதில் தரும் முறை இது.

ஆனால் எலெக்ட்ரானின் அடி பலமான அடி. துண்டு அயனியாகும்போதே மறுபடி உடைந்துவிடும். எது லேசர் உடைத்தது, எது எலெக்ட்ரான் உடைத்தது என்று பிரிக்க, ஜோடித் துண்டுகளின் உந்தம் பொருந்துகிறதா என்று ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வேண்டும். பெர்க்லியில் உள்ளது போன்ற சிங்க்ரோட்ரான் (எலெக்ட்ரான்களை வட்டப் பாதையில் ஓட்டி ஒளி எடுக்கும் பெரிய நிலையம்) ஒளியில் மென்மையாக அயனியாக்கினால் இந்தத் தொல்லை குறையும். ஆனால் அங்கே நேரம் ஒதுக்கீடு வாங்கி, சொன்ன வாரத்தில் போய் இராப்பகலாக வேலை செய்ய வேண்டும். இன்னொன்று, கார்பன் மோனாக்சைடின் எடை 28. காற்றில் முக்கால்வாசிக்கு மேல் இருக்கிற நைட்ரஜனின் எடையும் 28. எவ்வளவு நல்ல வெற்றிடமாக இருந்தாலும் அந்தப் பின்னணி இரைச்சல் போகாது.

இந்தக் கருவிகள் பெரியவை, உலகத்திலேயே குறைவு. சேர வாய்ப்புக் கிடைத்தால் வெற்றிடத் தொழில்நுட்பத்தில் கை தேர்ந்து வெளியே வருவீர்கள்.

## ஃபெம்டோ பம்ப்-புரோப்

ஒரு துடிப்பு உடைக்கத் தொடங்கும், இரண்டாவது துடிப்பு சற்றுத் தள்ளி வந்து எட்டிப் பார்க்கும். அந்த "சற்று" எப்படி வருகிறது தெரியுமா? கண்ணாடியை நகர்த்தித்தான். இரண்டாவது கதிரின் பாதையில் இருக்கும் கண்ணாடியை 15 மைக்ரான் பின்னுக்குத் தள்ளினால், ஒளி போக 15, வர 15 என்று 30 மைக்ரான் கூடுதலாகப் போகும். அது 100 ஃபெம்டோ நொடி. தலைமுடியின் தடிமனை விடக் குறைந்த நகர்வில் ஒரு பிணைப்பு அறுவதன் பாதி நேரம் அடங்கிவிடுகிறது.

ஸெவைலின் குழு 1987-இல் அயோடின் சயனைடு உடைவதை இப்படிப் பார்த்தது. அடுத்து சோடியம் அயோடைடில் பார்த்ததுதான் அழகு. கிளர்ந்த மூலக்கூறு உடனே உடையவில்லை. அணுக்கள் விலகி, மறுபடி நெருங்கி, மறுபடி விலகி, சுமார் 1.25 பிக்கோ நொடிக்கு ஒரு முறை ஊசலாடியது. ஒவ்வொரு ஊசலிலும் கொஞ்சம் மூலக்கூறுகள் தப்பித்து உடைந்தன. உடைந்த பிறகு துண்டுகளை எவ்வளவு அளந்தாலும் இந்த ஊசல் நேரடியாகத் தெரிந்திருக்காது.

பிணைப்பு அறுந்துகொண்டிருக்கும் அந்த நடுநிலைதான் உங்கள் கேள்வி என்றால், இதற்கு மாற்று இல்லை. கேள்வி அதுவாக இல்லாவிட்டால், இதைப் போல வீண் செலவும் இல்லை.

மறைந்த செலவுகள் இங்கேதான் அதிகம். அறை வெப்பநிலை ஒரு டிகிரி ஆடினாலே கதிர் நகர்ந்துவிடும், ஏ.சி. என்பது இங்கே சுகத்துக்கு அல்ல. கண்ணாடிச் சன்னலே எதிரி. 266 நானோமீட்டரில் 30 ஃபெம்டோ நொடித் துடிப்பை 5 மில்லிமீட்டர் குவார்ட்ஸ் வழியாக அனுப்பினால், மறுபக்கம் ஏறத்தாழ மூன்று மடங்கு நீண்டு வெளியே வரும். கோடிக்கணக்கில் செலவழித்து வாங்கிய குறுகிய துடிப்பை ஒரு சன்னல் தின்றுவிடும். அப்புறம் செறிவு. துடிப்பு அவ்வளவு பலமாக இருப்பதால், ஒரு ஃபோட்டானுக்குப் பதில் இரண்டு மூன்றை மூலக்கூறு ஒரே நேரத்தில் விழுங்கிவிடும். சூரிய ஒளியில் நடப்பதை ஆராய்கிறோம் என்று நினைத்துக்கொண்டு, சூரிய ஒளியில் ஒருபோதும் நடக்காததை அளந்துகொண்டிருப்போம். லேசரின் பலத்தைக் குறைத்துக் குறைத்து, சிக்னலும் அதே விகிதத்தில் குறைகிறதா என்று பார்க்காத எந்த முடிவையும் நான் நம்புவதில்லை.

## ஒரே மூலக்கூறு, மூன்று முறைகள்

ஃபார்மால்டிஹைடின் கதை இந்த ஒப்பீட்டை என்னை விட நன்றாகச் சொல்லும். ஃபார்மலினின் அந்தக் காட்டமான நெடி தெரியுமே, அதே பொருள்தான்.

இது ஒளியில் ஹைட்ரஜன் மூலக்கூறாகவும் கார்பன் மோனாக்சைடாகவும் பிரியும். வழக்கமான வழியில் பிரிந்தால் கார்பன் மோனாக்சைடு பம்பரம் போலச் சுழன்றுகொண்டு வெளியே வரும். 1993-இல் பெர்க்லியில் மூர் குழு ஒளிர்வு முறையில் சுழற்சி நிலைகளை எண்ணியபோது, மெதுவாகச் சுழலும் கார்பன் மோனாக்சைடும் கொஞ்சம் இருந்தது. ஆற்றல் ஒரு எல்லையைத் தாண்டினால் மட்டுமே அது தோன்றியது. இரண்டாவது ஒரு வழி இருக்கிறது என்று சொல்ல முடிந்தது. அது என்ன வழி என்று சொல்ல முடியவில்லை. ஒளிர்வு முறை கார்பன் மோனாக்சைடை மட்டும்தான் பார்த்தது, கூட்டாளியை அல்ல.

2004-இல் ஆர்தர் சூட்ஸ் குழு அதே மெதுவாகச் சுழலும் கார்பன் மோனாக்சைடை மட்டும் பொறுக்கி வேகப் படமெடுத்தது. வேகம் ரொம்பக் குறைவு. அப்படியானால் மிச்ச ஆற்றலெல்லாம் கூட்டாளியான ஹைட்ரஜனுக்குள் அதிர்வாக ஒளிந்திருக்க வேண்டும். கோட்பாட்டு வேதியியலாளர் ஜோயல் போமனின் கணக்கீடுகளும் சேர்ந்து விடை சொன்னது: ஒரு ஹைட்ரஜன் அணு கிட்டத்தட்ட பிரிந்து, முழுசாகப் போகாமல் மூலக்கூறைச் சுற்றி அலைந்து, திரும்பி வந்து இன்னொரு ஹைட்ரஜனைப் பிடுங்கிக்கொண்டு போகிறது. செல்போனில் சொல்கிற அதே பெயர்தான் வைத்தார்கள், ரோமிங்.

அலைகிற அணுவை அலையும்போதே பார்க்க 2020 வரை ஆனது. கனடாவில் ஃபெம்டோ துடிப்புகளால் மூலக்கூறை வெடிக்கச் செய்து பிடித்தார்கள். ஏன் இவ்வளவு காலம்? ஒவ்வொரு மூலக்கூறும் ஒவ்வொரு நேரத்தில் அலையத் தொடங்குகிறது; எல்லாம் ஒன்றாகக் கைதட்டும் அயோடின் சயனைடு போல இல்லை. 1993-இல் யாராவது நேரே ஃபெம்டோ லேசரோடு போய் நின்றிருந்தால், எதைத் தேடுவது என்றே தெரிந்திருக்காது.

## அப்படியானால் எங்கே சேர்வது

ஹைட்ராக்சில், நைட்ரிக் ஆக்சைடு போன்ற ஒளிரும் துண்டும், நிலைவாரியான எண்ணிக்கையும் வேண்டும் என்றால் ஒளிர்வு முறை. ஆற்றல் பங்கீடும் திசையும் வேண்டும், துண்டு சின்னது என்றால் வேகப் படமெடுப்பு. என் ஓட்டு பெரும்பாலும் இதற்குத்தான், கற்றுக்கொள்வதும் இதில்தான் பரவலாக இருக்கும். பெரிய மூலக்கூறு, பல வழிகள் என்றால் பறப்பு நேரம். உடைவு ஒரு சில பிக்கோ நொடிக்குள் முடிகிறது, நடுவழிதான் கேள்வி என்றால் ஃபெம்டோ. ஹைட்ரஜன் அணு மட்டும்தான் துண்டு என்றால் இந்த நான்கையும் விட்டுவிட்டு, ஜெர்மனியின் பீலஃபெல்டில் பிறந்த ரிட்பெர்க் குறியிடல் முறையை (அணுவை அயனியாக்காமல் மிக உயர்ந்த நிலைக்குத் தூண்டிப் பறக்கவிடுவது) பாருங்கள். வேகத் துல்லியத்தில் அதை மிஞ்ச ஆளில்லை.

லேபைப் பார்க்கப் போகும்போது லேசரின் விலையைக் கேட்காதீர்கள். மூத்த மாணவர் ஒருவரிடம் தனியாக, போன மாதம் எத்தனை நாள் சிக்னல் வந்தது என்று கேளுங்கள். அப்படியே லாக் புத்தகத்தை ஒரு புரட்டுப் புரட்டி, முதல் லேசரை மறைத்து எடுத்த படம் ஏதாவது அதில் ஒட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள்.